அருகுக்கு வசந்தம் எப்போது?

ஒவ்வொரு வருஷமும் மாசி முடியும்போது இணையத்தில் புல்தரைப் பராமரிப்புக் கட்டுரைகள் வரிசையாக வரத் தொடங்கும். வசந்தம் வந்துவிட்டது, புல்லை ஒட்ட வெட்டுங்கள், காய்ந்த சருகை வாரி எடுங்கள், மண்ணைக் குத்திவிடுங்கள், உரம் போடுங்கள். எல்லாம் நியாயமாகத்தான் இருக்கும். 2022 மார்ச்சில் அவற்றை நம்பி என் வீட்டுப் புல்தரையை நானே கெடுத்தேன். அது ஏன் கெட்டது என்று தேடிப் படித்து, அடுத்த இரண்டு கோடைகளில் அளந்து பார்த்துச் சேர்த்த குறிப்புகள் இவை. கள்ளக்குறிச்சி போன்ற ஊரில் வீட்டு முன்னால் கொஞ்சம் புல் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வெளியே கச்சிராயபாளையம் போகும் பக்கமாக வீடு. செம்மண், ஒரு அடி தோண்டினால் சரளை. தண்ணீருக்கு ஒரே ஒரு போர். முன்பக்கம் 600 சதுர அடியில், 2021 புரட்டாசியில் புல் போட்டேன். நர்சரியில் கொரியன், மெக்சிகன், பெர்முடா என்று மூன்று வகை காட்டினார்கள். வெயிலைத் தாங்கும் என்று சொன்னதால் பெர்முடாவை எடுத்தேன். வண்டியிலிருந்து தட்டுகளை இறக்கும்போது அப்பா வந்து ஒரு கொத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஏண்டா, இது அருகு இல்ல? நாப்பது வருஷமா நான் கரும்புக் கொல்லையில புடுங்கிப் போட்டத நீ காசு குடுத்து வாங்கியாந்து நடுறியா?"

நான் நம்பவில்லை. ராத்திரி தேடிப் பார்த்தேன். அப்பா சொன்னது சரி. சைனோடான் டாக்டிலான். நம் அருகம்புல். பெர்முடா தீவுக்கும் அதன் பிறப்புக்கும் சம்பந்தமில்லை. அங்கிருந்து வந்தது என்று நினைத்து அமெரிக்கர்கள் அப்படிப் பெயர் வைத்துவிட்டார்கள். நர்சரியில் விற்பது பெரும்பாலும் இந்த அருகையும் ஆப்பிரிக்க இனம் ஒன்றையும் சேர்த்த கலப்பு. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த 'டிஃப்வே' மாதிரி ரகங்கள் இந்த வகைதான். இலை மெல்லிசு, விதை வைக்காது, தண்டை வைத்துத்தான் பெருக்க வேண்டும். மற்றபடி குணம் எல்லாம் வரப்பில் இருக்கும் அருகின் குணம்தான்.

என்ன தப்பு செய்தேன்

ஆங்கிலக் கட்டுரைகள் இங்கிலாந்துக்கும் வட அமெரிக்காவுக்கும் எழுதியவை என்பது எனக்கும் தெரியும். அதனால் கொஞ்சம் புத்திசாலித்தனமாக நடந்துகொள்வதாக நினைத்து, அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் பெர்முடா புல் வளர்ப்பவர்களின் அட்டவணையைத் தேடி எடுத்தேன். அதே புல், அதுவும் வெயில் ஊர். அப்புறம் என்ன பிரச்சனை வரப்போகிறது? அட்டவணை இப்படி இருந்தது. வசந்தத் தொடக்கத்தில் புல்லை மண்ணோடு ஒட்ட மழித்துவிடு. வாரி எடு. பச்சை தட்டியதும் நைட்ரஜன் உரம் போடு.

மார்ச் இரண்டாவது வாரம் அதை அப்படியே செய்தேன். மெஷினை ஆகக் கீழே இறக்கி மழித்தேன். இரண்டு கிலோ யூரியாவைக் கையால் வீசினேன். மாலையில் ஹோஸ் பிடித்து மேலாக நனைத்தேன். பத்து நாளில் திட்டுத் திட்டாகக் கருகியது. பயந்துபோய்க் காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். பங்குனி கடைசியில் கோரை கிளம்பியது. சித்திரையில் ஒரு நாள் காலை மோட்டார் போட்டால் தண்ணீருக்குப் பதில் காற்று வந்தது. அம்மா சமையலறையில் குடத்தோடு நின்றது இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது. அன்றைக்கே புல்லுக்குத் தண்ணீரை நிறுத்தினேன். பத்தே நாளில் 600 சதுர அடியும் வைக்கோல் நிறம்.

எனக்கு மனசு கஷ்டமாகப் போச்சு. அப்பா மட்டும் அலட்டிக்கொள்ளவே இல்லை. "அருகு சாவாதுடா. மழை வரட்டும்" என்றார்.

அங்கே குளிர், இங்கே தண்ணீர்

ஒரே புல், ஒரே அட்டவணை, ஏன் வேறு பலன்? இதற்குப் பதில் புல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இங்கிலாந்துப் புல்தரையில் இருப்பது ரை கிராஸ், ஃபெஸ்க்யூ போன்ற குளிர்ப் பருவப் புற்கள். அவற்றுக்குச் சுமார் 15 முதல் 24 டிகிரி வரைதான் சுகம். வெயில் ஏறினால் அவற்றின் இலைக்குள் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க வேண்டிய நொதி, தவறிப்போய் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததில் ஒரு பங்கு வீணாகும். நெல்லுக்கும் இதே சிக்கல் உண்டு. அருகு வேறு வகை. அது கார்பன் டை ஆக்சைடை முதலில் நான்கு கார்பன் கொண்ட ஒரு அமிலமாகக் கட்டி, இலையின் உள்ளறைக்கு அனுப்பி, அங்கே செறிவாக விடுவித்து, அதன் பிறகு சர்க்கரை ஆக்குகிறது. அதனால் வெயிலில் வீணாவது குறைவு. ஒரு கிராம் வளர்ச்சிக்குத் தேவைப்படும் தண்ணீரும் குறைவு. 27 முதல் 35 டிகிரி வரை அதற்குக் கொண்டாட்டம். இந்த வழியை 1966-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர் விளக்கினார்கள். அவர்கள் ஆராய்ந்த செடி கரும்பு. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலை உள்ள நம் பகுதியில் சுற்றிலும் நிற்கிற அதே கரும்பு. மக்காச்சோளமும் இந்த ஜாதிதான். அப்பாவின் கரும்புக் கொல்லையில் அருகு அவ்வளவு தைரியமாகக் கரும்போடு போட்டி போட்டதற்கு இதுவும் ஒரு காரணம். பயிரும் களையும் ஒரே தொழில்நுட்பம்!

இப்போது அமெரிக்கத் தெற்குக்கு வருவோம். அங்கே அருகு குளிர்காலத்தில் உறங்கிவிடும். வெப்பம் 10 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கினால் வளர்ச்சி நின்று, மேல் இலை முழுதும் காய்ந்து பழுப்பாகும். மார்ச், ஏப்ரலில் மண் சூடாகும்போது அந்தச் செத்த இலைப் போர்வையை மழித்து எடுத்தால் வெயில் மண்ணில் படும், புது முளை சீக்கிரம் வரும். அதற்குத்தான் மழிப்பு. அதற்குப் பிறகு அவர்களுக்கு இளஞ்சூடும் மழையும் வரிசையாக வரும். அந்த வளர்ச்சிக்குத் தீனியாகத்தான் உரம்.

கள்ளக்குறிச்சியில் மார்கழி, தை ராத்திரிகூட அருகை உறங்க வைக்கும் அளவுக்குக் குளிர்வதில்லை. ஆகவே மார்ச்சில் மழிக்கச் செத்த போர்வையே கிடையாது. நான் மழித்தது உயிருள்ள பச்சை இலையை. மண்ணுக்கு இருந்த நிழலும் போயிற்று. பின்னால் வந்தது மழை இல்லை, பங்குனி வெயில். உரம் போட்டதும் புல் இலையைத் தள்ள முயன்றது, தள்ளிய இலைக்குத் தண்ணீர் இல்லை. போதாக்குறைக்கு, காய்ந்த மண்ணில் கரையாத யூரியா வேரோரத்தில் உப்பாக நின்று இருந்த ஈரத்தையும் இழுத்துக்கொண்டது.

ஒரு புல்லுக்கு வசந்தம் என்பது, அதுவரை அதைத் தடுத்து வைத்திருந்த தடை நீங்கும் காலம். அங்கே தடை குளிர், அது மார்ச்சில் நீங்குகிறது. இங்கே தடை தண்ணீர். அது நீங்குவது ஆடி முடிந்து மாலை இடிமழை பிடிக்கும்போது.

நம் பழைய காலக் கணக்கும் இதற்கு ஒத்துவருகிறது. சித்திரை, வைகாசியை இளவேனில் என்கிறோம். மரத்துக்கு அது சரிதான். வேம்பும் புங்கனும் அப்போதுதான் தளிரும் பூவுமாக நிற்கும். அவற்றின் வேர் ஆழத்து ஈரத்தைத் தொடுகிறது. புல்லின் காலம் கார், அதாவது ஆவணி, புரட்டாசி. தொல்காப்பியம் மேய்ச்சல் நிலமான முல்லைக்குக் காரைத்தான் கொடுக்கிறது. பருவங்களைச் சொல்லும்போது ஆரம்பிப்பதும் காரிலிருந்துதான். பிள்ளையாருக்கு அருகு சாத்துகிற சதுர்த்தி ஆவணியை ஒட்டி வருவதையும் கவனியுங்கள். கேட்ட இடத்தில் எல்லாம் தளதளவென்று அருகு கிடைக்கிற மாதம் அது.

கல்வராயன் மலையில் பார்த்தது

அந்த வருஷம் சித்திரைக் கடைசியில் வெள்ளிமலைக்கு பைக்கில் போனேன். கச்சிராயபாளையம் தாண்டிக் கோமுகி அணையை ஒட்டி ஏறும் பாதை. மலை 2000 முதல் 3000 அடி உயரம். ஆயிரம் அடிக்கு இரண்டு டிகிரி குறையும் என்று கணக்கு வைத்தால் கீழே 39 இருக்கும்போது மேலே 33, 35 இருக்கும். அங்கேயாவது புல் பச்சையாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. சரிவு முழுக்கப் பழுப்பு. வெயில் குறைந்தும் பச்சை வரவில்லை என்றால் தடை வெயில் இல்லை, தண்ணீர்தான் என்று அப்போது உறைத்தது. ஓடையோரத்தில் மட்டும் ஒரு கோடு போட்டது மாதிரி பச்சை.

ரோட்டோரத்தில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. தரையோடு தரையாகக் கடித்த அருகு. வண்டியை நிறுத்தி ஒரு கொடியைக் கிளறிப் பார்த்தேன். மேலே ஒன்றுமில்லை, மண்ணுக்குள் வெள்ளைத் தண்டு ஈரமாக, கெட்டியாக இருந்தது. புல்லின் வளரும் முனை உச்சியில் இல்லை, அடியில் இருக்கிறது. இலையை ஆடு கடித்தாலும் அடியிலிருந்து தள்ளிக்கொண்டு வரும். அருகுக்கு இன்னும் இரண்டு வசதி. தரைமேல் ஓடும் கொடி, மண்ணுக்குள் ஓடும் கிழங்குத் தண்டு. மேலே எல்லாம் காய்ந்தாலும் சேமிப்பு கீழே இருக்கிறது. வேர் நாலைந்து அடி வரை இறங்கக்கூடியது. கல்யாண வாழ்த்தில் அருகு மாதிரி வேரோட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை.

ஆவணியில் மறுபடி போனேன். அதே சரிவு முழுக்கப் பச்சை. வீட்டிலும் அதே கதை. ஆடிக் கடைசியில் இரண்டு நல்ல மழை பெய்தது. ஒரு வாரத்தில் ஊசி ஊசியாக முளைத்தது. யூரியா கருக்கிய திட்டுகள் மட்டும் வெறும் மண்ணாகவே கிடந்தன. அப்பா தானே போய் எங்கள் பழைய கொல்லை வரப்பிலிருந்து அருகு பிடுங்கிவந்து, சாண் தண்டாகக் கிள்ளி அந்தத் திட்டுகளில் ஊன்றினார். காசு கொடுத்து வாங்கியதற்கும் அவர் ஊன்றியதற்கும் இன்று வித்தியாசம் பார்க்க வேண்டுமானால் குனிந்து உற்றுப் பார்க்க வேண்டும். வரப்பு அருகின் இலை கொஞ்சம் அகலம், அவ்வளவுதான்.

தண்ணீர்க் கணக்கு

இனி நடைமுறைக்கு வருகிறேன். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது 1 லிட்டர். என் 600 சதுர அடி ஏறத்தாழ 56 சதுர மீட்டர். உச்சக் கோடையில் திறந்த நிலத்தில் நாளுக்கு 6 மி.மீ. ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், அருகு மாதிரி வெயில் புல்லுக்கு அதில் அறுபது எழுபது சதவீதம் போதும். சுமார் 4 மி.மீ. அதாவது நாளுக்கு 224 லிட்டர், வாரத்துக்கு 1,568 லிட்டர். வீட்டு மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் டேங்கில் ஒன்றரை டேங்க்! புல்லைப் பச்சையாக வைத்திருக்க மட்டும் இவ்வளவு.

உயிரோடு வைத்திருக்க எவ்வளவு வேண்டும் என்பது வேறு கேள்வி. அருகு மஞ்சளாகி உறங்கட்டும், அடித்தண்டு மட்டும் சாகாமல் இருக்கட்டும் என்று விட்டால், 15 நாளுக்கு ஒருமுறை 12 மி.மீ. போதுமாக இருக்கிறது. 56-ஐ 12-ஆல் பெருக்கினால் 672 லிட்டர். அதே 15 நாள் பச்சையாக வைக்க 3,360 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு. 2023, 2024 இரண்டு கோடையிலும் இப்படித்தான் விட்டேன். இரண்டு தடவையும் மழையில் திரும்பி வந்தது. கொரியன் புல் போட்டிருப்பவர்கள் இவ்வளவு தைரியம் காட்ட வேண்டாம். அது காய்ந்தால் மீள்வது ரொம்ப மெதுவு.

எத்தனை மி.மீ. விட்டோம் என்று எப்படித் தெரியும்? ஹோஸில் ஒரு பக்கெட் நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். எனக்கு 15 லிட்டர் பக்கெட் ஒரு நிமிஷத்தில் நிரம்புகிறது. ஆகவே 672 லிட்டருக்கு 45 நிமிஷம். ஸ்பிரிங்ளர் வைத்திருந்தால் நேரான சுவருள்ள நாலைந்து பழைய டப்பாக்களை அங்கங்கே வைத்து, நின்ற தண்ணீரை ஸ்கேலால் அளந்தால் போதும்.

மாதவாரியாக நான் செய்வது

மாசி, பங்குனி: மழிப்பதில்லை. மெஷினை ஏற்றி இரண்டு அங்குல உயரத்தில் வெட்டுகிறேன். ஒரு தடவைக்கு இலை உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. உயரமான இலை மண்ணுக்கு நிழல், வேரும் அதற்கேற்ப ஆழமாக இருக்கும். வெட்டிய துணுக்கை அங்கேயே விடுகிறேன். உரம் கிடையாது. தண்ணீரைத் தினமும் தெளிக்காமல் வாரம் இரண்டு தடவையாக, விடியற்காலையில், தடவைக்கு 14 மி.மீ. ஆழமாக விடுகிறேன். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும், கோரைக்கும் வசதி. விட்டு ஒரு மணி நேரம் கழித்து நீளமான ஸ்க்ரூடிரைவரை மண்ணில் அழுத்துங்கள். நாலைந்து அங்குலம் தடையில்லாமல் இறங்கினால் போதுமான ஈரம்.

எப்போது விட வேண்டும் என்பதற்குக் காலண்டர் தேவையில்லை. சாயங்காலம் புல்மேல் நடந்து திரும்பிப் பாருங்கள். காலடித் தடம் உடனே நிமிர்ந்தால் இன்றைக்கு வேண்டாம். தடம் அப்படியே கிடந்து, புல் நிறமும் நீலம் கலந்த சாம்பலாகத் தெரிந்தால் நாளை காலை விடலாம்.

சித்திரை, வைகாசி, ஆனி: போர் இறங்க ஆரம்பித்ததும் உறங்க விடுகிறேன். 15 நாளுக்கு ஒரு தடவை 12 மி.மீ. வெட்டுவது இல்லை. உறங்கும் புல்லில் வண்டி ஏற்றக் கூடாது, ஆள் நடமாட்டமும் குறைவாக இருக்க வேண்டும். நடுவில் கோடை மழை வந்தால் லேசாகப் பச்சை தட்டும், அதைப் பார்த்து ஏமாந்து உரம் போடக் கூடாது.

ஆடிக் கடைசி, ஆவணி: இதுதான் எங்கள் வசந்தம். இரண்டு மழை நனைத்த பிறகு, அமெரிக்கர்கள் மார்ச்சில் செய்வதையெல்லாம் நான் இப்போது செய்கிறேன். ஒட்ட வெட்டிச் செத்த இலையை வாரி எடுப்பது, கடப்பாரை முனையால் அரை அடிக்கு ஒன்றாக மண்ணைக் குத்திவிடுவது, சலித்த தொழு உரமும் செம்மண்ணும் கலந்து அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தூவுவது. இதற்குச் சுமார் 10 கன அடி கலவை ஆகிறது. பிறகு யூரியா. ஒரு தடவைக்குச் சதுர மீட்டருக்கு 5 கிராம் நைட்ரஜன் போதும். 56 சதுர மீட்டருக்கு 280 கிராம். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன் என்பதால் சுமார் 600 கிராம் யூரியா. அந்த மார்ச்சில் நான் வீசியது இரண்டு கிலோ, மூன்று மடங்குக்கும் மேல். ஈர மண்ணில், இலை காய்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். திட்டு அடைப்பதும் இந்த மாதம்தான்.

கோரையைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே பிடித்து இழுத்தால் கிழங்கு மண்ணிலேயே நின்றுவிடும். சங்கிலியாகக் கோத்திருக்கும் கிழங்குகளில் தொடர்பு அறுந்ததும், உறங்கிக்கொண்டிருந்த அடுத்த கிழங்கு முளைக்கும். ஒன்று பிடுங்கினால் இரண்டு வருவது இதனால்தான். மழை ஈரத்தில் களைக்கொத்தியை ஆழமாக விட்டுக் கிழங்கோடு எடுக்க வேண்டும், விடாமல் சில மாதம். அதைவிட நல்லது, கோடையில் மேலோட்டத் தண்ணீர் விட்டு அதை வளர்க்காமல் இருப்பது.

கடைசியாக

எல்லாம் சரி, தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில் புல்தரை தேவையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். துணி ஆலையில் கம்பளித் துணியின் மேல்பிசிறை வெட்டும் இயந்திரத்தைப் பார்த்து, எட்வின் பட்டிங் 1830-ல் முதல் புல்வெட்டியைச் செய்தது மழை ஓயாத ஊரில். வருஷம் முழுக்கப் பச்சை என்ற ஆசை அங்கே பிறந்தது. அந்த ஆசையைக் கள்ளக்குறிச்சியில் வைத்துக்கொண்டால் அதற்கான விலையை நம் போரும் பக்கத்து வீட்டு போரும் சேர்ந்துதான் கொடுக்கும்.

இப்போது நான் செய்திருக்கும் ஏற்பாடு இது. வராந்தாவை ஒட்டிய 100 சதுர அடி மட்டும் கோடையிலும் பச்சை. நாளுக்கு 37 லிட்டர். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரில் பாதி ஆகிறது, மீதிக்கு இரண்டு பக்கெட்டுக்கும் குறைவுதான். மற்ற 500 சதுர அடி சித்திரையில் மஞ்சளாகும், ஆவணியில் திரும்பும். ஊரிலிருந்து வருகிறவர்கள் "என்னங்க, புல்லெல்லாம் காஞ்சு போச்சே" என்று விசாரிப்பார்கள். பதில் சொல்வது அப்பாதான். அந்த 100 சதுர அடியில் நாற்காலி போட்டுச் சாயங்காலம் உட்காருகிறார். கால்விரலால் ஒரு கொடியை நெம்பிக்கொண்டே, "காயல, தூங்குது" என்கிறார்.